பின்கட்டின் மேல் நின்ற ட்ரோன்: வாரண்ட் இல்லாமல் மேலிருந்து பார்க்கலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கால இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பெயரால் டர்பனின் காட்டோ மேனர் பகுதியை விட்டு வெளியேற்றப்பட்ட என் மாமனாரின் பெற்றோருக்கு நகராட்சி ஒதுக்கிக் கொடுத்த சாட்ஸ்வொர்த் வீட்டில்தான் நாங்கள் இன்றும் குடியிருக்கிறோம். முன்பக்கம் சாலை. பின்கட்டில் துணிக்கொடி, கறிவேப்பிலை மரம், வேம்பு கிடைக்காத இந்த ஊரில் அதற்குப் பதிலாக வளர்க்கும் சிரிங்கா மரம், அதன் அடியில் ஆடி மாதம் கூழ் படைக்கும் சிறிய மாரியம்மன் மாடம், அதையொட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அவுட்பில்டிங். சுற்றுச்சுவர் ஆறடி உயரம். தெருவில் போகிற எவருக்கும் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

சென்ற மாதம் அடுத்தடுத்து மூன்று இரவுகள், ஏழரை மணி அளவில், ஒரு ட்ரோன் எங்கள் பின்கட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. அது கடந்து போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரே இடத்தில் பத்து நிமிடத்திற்கு மேல் நின்றது. முதல் இரவு நான் தலைக்குக் குளித்துவிட்டு, நைட்டியோடு கொடியில் துண்டை விரித்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து இருட்டிய பிறகு பின்கட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

நான்காம் நாள் காலை சீருடையில் நான்கு காவலர்கள் வாசலில் நின்றார்கள். "மேலிருந்து ஏற்கெனவே பார்த்துவிட்டோம், பின்னால் நீலத் தார்ப்பாயின் கீழ் செம்புக் கம்பி இருக்கிறது, கதவைத் திறங்கள்" என்றார்கள். கையில் காகிதம் எதுவும் இல்லை. எழுபத்தெட்டு வயதான என் மாமனார் பயந்துபோய்த் திறந்துவிட்டார். அவர்கள் குடித்தனக்காரரின் அறையைப் பூட்டை உடைக்காமல், மாமனாரிடம் இருந்த மாற்றுச் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்து தேடினார்கள். குடித்தனக்காரர் எலெக்ட்ரீஷியன், தார்ப்பாயின் கீழ் இருந்தது அவர் வேலைக்கு வாங்கிய ஒரு சுருள் கம்பி. அதை எடுத்துப் போனார்கள். யார் மீதும் இதுவரை வழக்கு இல்லை, கம்பியும் திரும்பி வரவில்லை.

வீட்டுக்குள் காலடி வைக்காமல் வானத்திலிருந்து பார்ப்பது சட்டப்படி சோதனை ஆகுமா, ஆகும் என்றால் அதற்கு வாரண்ட் வேண்டுமா என்பதே என் முதற்கேள்வி. பயத்தில் திறந்த கதவைச் சம்மதம் என்று கொள்வார்களா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: டர்பன் வழக்கறிஞர்

சகோதரிக்கு வணக்கம். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்ற வழக்குகளை நடத்தி வருகிறேன். பொதுவான விளக்கமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பார்ப்பது அவசியம்.

நம் நாட்டில் காவல்துறைச் சோதனைக்கு அடிப்படையாக நிற்பது 1977ஆம் ஆண்டின் 51ஆம் எண் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதில் ட்ரோன் என்ற சொல் இல்லாததில் வியப்பில்லை. ஆனால் "சோதனை" என்ற சொல்லுக்கே அதில் வரைவிலக்கணம் கிடையாது. மாறாக, "இடவளாகம்" என்ற சொல்லுக்கு விளக்கம் உண்டு, அதில் கட்டடத்தோடு நிலமும் அடங்கும். ஆகவே உங்கள் துணிக்கொடியும் மாரியம்மன் மாடமும் இருக்கும் மண், சட்டத்தின் கண்ணில் வீட்டுக்கு வெளியே கிடக்கும் பொது இடம் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். 21ஆம் பிரிவின்படி, சத்தியம் செய்து அளித்த தகவலைப் படித்து, நியாயமான காரணம் இருப்பதாக மாஜிஸ்திரேட்டோ அமைதி நீதிபதியோ மனநிறைவு கொண்டால்தான் வாரண்ட் பிறக்கும். இரவில் நடத்தலாம் என்று எழுத்தில் அனுமதிக்காவிட்டால் அதைப் பகலில்தான் நிறைவேற்ற வேண்டும். உங்கள் வீட்டின் மேல் அந்தக் கருவி நின்ற நேரம் ஏழரை மணி என்பதை நான் ஏன் அடிக்கோடிடுகிறேன் என்பது இப்போது விளங்கும்.

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு, உடலும் வீடும் சோதிக்கப்படாமல் இருக்கும் உரிமையைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் காப்பதோடு, அவற்றையெல்லாம் அந்தரங்கம் என்ற பெரிய உரிமையின் கிளைகளாகவே வைத்திருக்கிறது. எனவே வானிலிருந்து பார்த்தது சோதனையே அல்ல என்று அரசுத் தரப்பு வாதிட்டு வென்றாலும், அந்தரங்கத்தில் தலையிட்டதா என்ற கேள்வி அப்படியே நிற்கும். 1996இல் பெர்ன்ஸ்டீன் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், ஒருவர் வணிகத்திற்கும் சந்தைக்கும் நகர நகர அந்தரங்கத்தின் எல்லை சுருங்குகிறது, வீடும் குடும்ப வாழ்வும் அடங்கிய உள்வட்டத்தில் அது மிக வலுவாக இருக்கிறது என்று விளக்கியது. பின்கட்டில் முடி துவட்டும் பெண் அந்த உள்வட்டத்தில்தான் இருக்கிறாள் என்று நான் எந்த நீதிபதியின் முன்னும் வாதிடுவேன்.

வீட்டுக்குள் வாரண்ட் இல்லாமல் நுழைவதைப் பொறுத்தவரை நம் மேல்நிலை நீதிமன்றங்கள் தொடர்ந்து கண்டிப்பாகவே இருந்திருக்கின்றன. போதைப்பொருள் சட்டம் தந்திருந்த வாரண்ட் இல்லாச் சோதனை அதிகாரத்தை 2016இல் குன்ஜானா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. ஜொகன்னஸ்பர்க் நகரின் நடுவே வசிக்கும் ஏழைகளின் அறைகளைப் பகுதி முழுவதையும் சுற்றி வளைத்து மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். அதற்குக் காவலர்கள் ஆதாரமாகக் காட்டிய காவல்துறைச் சட்டத்தின் 13(7)ஆம் பிரிவு, வீடுகளை வாரண்ட் இல்லாமல் சோதிக்க இடம் கொடுக்கும் அளவுக்கு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2021 அக்டோபரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ட்ரோன் அந்த வழக்குகளில் பேசப்படவில்லை. ஆனால், ஒரு தெரு முழுவதையும் முன்கூட்டியே சந்தேகித்து வீடு வீடாகப் பார்க்கக் கூடாது என்ற நியாயம் அதற்கும் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

இனிக் கதவு திறந்ததைப் பார்ப்போம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வாரண்ட் இல்லாச் சோதனைக்கு இரண்டு வழிகளை மட்டும் விட்டிருக்கிறது: ஒன்று சம்மதம், மற்றொன்று, கேட்டால் வாரண்ட் கிடைத்திருக்கும், ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிடும் என்று காவலர் நியாயமான காரணத்தோடு நம்புவது. மறுக்கும் உரிமை உண்டு என்று தெரியாத முதியவர், "ஏற்கெனவே பார்த்துவிட்டோம்" என்ற சொல்லுக்குப் பணிந்து கதவைத் திறந்ததைச் சம்மதம் என்று ஏற்க நீதிமன்றங்கள் தயங்கும். அதிலும் குடித்தனக்காரரின் அறை அவருடைய வீடு. மாற்றுச் சாவி வைத்திருப்பதால் மட்டும் உங்கள் மாமனார் அவருடைய அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டாவது வழியும் இங்கே அவர்களுக்கு எளிதாக உதவாது. மூன்று இரவுகள் நிதானமாகப் பார்த்தவர்களுக்கு மாஜிஸ்திரேட்டிடம் போக இடையில் இரண்டு முழுப் பகல்கள் இருந்தன.

பதில் 2: தொங்காட் ட்ரோன் ஓட்டுநர்

அக்காவுக்கு வணக்கம். நான் கரும்புத் தோட்டங்களுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் பயிரின் நிலையைப் படம் எடுக்கும் தொழில் செய்கிறேன். உரிமம் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிங் ஷாக்கா விமான நிலையம் இருப்பதால், விமானத் தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது என்ற விதியை நான் ஒவ்வொரு வேலை நாளும் நினைத்தாக வேண்டியிருக்கிறது.

2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும், ட்ரோன்களுக்கான சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின் 101ஆம் பகுதி விதிகள் பெரும்பாலும் விபத்தைத் தடுக்க எழுதப்பட்டவை. தனி அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. சம்மதம் இல்லாத மனிதருக்கும் கட்டடத்திற்கும் 50 மீட்டருக்குள் வரக் கூடாது. இரவில் பறக்கவும், கண்ணுக்கெட்டாத தூரம் பறக்கவும் தனி ஒப்புதல் வேண்டும். அந்தரங்கம் தொடர்பான பிற சட்டங்களை இயக்குபவர் மதித்து நடக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஆனால் யாருடைய முற்றத்தைப் பார்க்கலாம், எடுத்த படத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற விவரத்திற்குள் அவை போவதில்லை. பறக்க அனுமதி வாங்கிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், பக்கத்து விமானத்தில் மோத மாட்டேன் என்பதற்குத்தான் அவர் அனுமதி வாங்கியிருக்கிறார். உங்கள் வீட்டைப் பார்க்க வாங்கிய அனுமதி அன்று அது.

ட்ரோனில் எந்தக் கேமரா இருந்தது என்பது மிக முக்கியம், அக்கா. இரவு ஏழரைக்கு, அதுவும் விளக்கில்லாத பின்கட்டில், சாதாரணக் கேமராவால் பெரிதாக எதையும் பார்க்க முடியாது. வெப்பக் கேமரா இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பற்றி மக்களுக்கு மிகையான பயம் இருக்கிறது. அது செங்கல் சுவரை ஊடுருவாது, சாதாரணச் சன்னல் கண்ணாடியைக்கூட ஊடுருவாது. வெளிப்பரப்பின் சூட்டை மட்டுமே படமாக்கும். கூரைக்கடியில் கீசர் இருக்கும் இடத்தில் ஓடு சற்று வெளுப்பாகத் தெரியலாம், அவ்வளவுதான். ஆனால் வெளியில் நிற்கும் ஆள் இருட்டிலும் விளக்குப் போல எரிவார். ஈரத் தலைமுடி அவர் முகத்தைவிடக் கறுப்பாகத் தெரியும். உங்களுக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அந்தப் படம்தான், மனம் கசந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தார்ப்பாயின் கீழே கிடக்கும் கம்பி, சுற்றியுள்ள தரையின் சூட்டிலேயே இருந்தால், வெப்பக் கேமராவுக்குச் செம்பு என்றோ தோட்டத்து ரப்பர் குழாய் என்றோ பிரித்துத் தெரியாது. செம்புக் கம்பியை மேலிருந்து பார்த்ததாக அவர்கள் சொன்னது உண்மையானால், பகலிலும் ஒருமுறை பறந்து, மூடாமல் இருந்த நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ சொன்ன தகவலுக்கு ட்ரோனைச் சாக்காக்கியிருக்க வேண்டும். தொழில்முறையில் பறப்பவர்கள் ஒவ்வொரு பறத்தலையும் நேரம், இடம், ஓட்டியவர் பெயரோடு பதிவேட்டில் எழுதுவது வழக்கம். அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள்.

பதில் 3: ஃபீனிக்ஸ் கடைக்காரர்

வழக்கறிஞர் ஐயாவின் அறிவை மதிக்கிறேன், ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். ஃபீனிக்ஸில் எனக்கு ஒரு சிறிய மளிகைக் கடை இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை துப்பாக்கி முனையில் கொள்ளை போயிருக்கிறது. எங்கள் பகுதியில் செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போனால் ஐந்து நாள் மின்சாரம் இல்லை, குளிர்பெட்டியில் இருக்கும் மீனும் கோழியும் குப்பைக்குப் போகின்றன. வண்டி கடத்தியவர்கள் சந்து சந்தாக ஓடும்போது, மேலே ஒரு ட்ரோன் இருந்தால் பிடித்துவிடலாம். அது இல்லாததால் காவலர்கள் சுவர் ஏறி உயிரைப் பணயம் வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போனால் திருடன் மபுமலாங்கா போய்ச் சேர்ந்திருப்பான்.

மேலும், அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள் என்று படித்தேன். 1986இல் சிராவோலோ வழக்கில் 1,000 அடி உயரத்தில் விமானத்திலிருந்து ஒருவரின் பின்கட்டைப் பார்த்ததும், 1989இல் ரைலி வழக்கில் 400 அடியில் ஹெலிகாப்டரிலிருந்து ஒருவரின் பசுமைக்குடிலைப் பார்த்ததும் சோதனையே அல்ல, வாரண்ட் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாரும் பறக்கக்கூடிய வானத்திலிருந்து காவலர் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா? நேர்மையான குடும்பத்திற்கு இதில் என்ன இழப்பு என்று உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

பதில் 4: டர்பன் வழக்கறிஞர்

கடைக்கார ஐயாவின் வேதனை எனக்கு அன்னியமானதல்ல. என் அண்ணன் வீட்டிலும் துப்பாக்கியோடு நுழைந்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன துரத்தல், தீ விபத்து, காணாமற்போன குழந்தை, இவற்றிற்கெல்லாம் ட்ரோனை அனுப்ப யாரும் வாரண்ட் கேட்கவில்லை. ஓடுகிறவனைப் பின்தொடரும்போது நேரமே இல்லை என்பது வெளிப்படை, 22ஆம் பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. தெருவையும் சந்தையையும் காவடி ஊர்வலத்தின் கூட்டத்தையும் மேலிருந்து கவனிப்பதும் வேறு வகை. சகோதரியின் வீட்டில் நடந்ததில் ஓட்டமும் இல்லை, அவசரமும் இல்லை. மூன்று இரவுகள் காத்திருந்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்கத் தீர்ப்புகளை நீங்கள் சரியாகவே எடுத்துரைத்தீர்கள், ஆனால் கதை 1989இல் முடியவில்லை. 2001இல் கைலோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் கையில் வழக்கமாக இல்லாத வெப்பக் கருவியை வீட்டின் மீது திருப்புவது சோதனையே, அதற்கு வாரண்ட் வேண்டும் என்றது. தெருவில் வண்டிக்குள் இருந்தபடி கருவியை நீட்டிய காவலர் வீட்டுக்குள் ஓர் அங்குலம்கூட நுழையவில்லை. 2024இல் அலாஸ்கா மாநில உச்ச நீதிமன்றம், விமானத்தில் பறந்து உருப்பெருக்கும் லென்ஸால் வீட்டு வளாகத்தைப் படம் எடுப்பதற்குத் தங்கள் மாநில அரசியலமைப்பின்படி வாரண்ட் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. சிராவோலோவின் காலத்தில் விமானம் ஒருமுறை கடந்து போகும், எரிபொருளும் ஓட்டுநர் சம்பளமும் காவல்துறையைக் கட்டுப்படுத்தின. ஒரு கருவி பத்து நிமிடம் அசையாமல் நிற்கும், மறுநாளும் வரும், மலிவாகவும் இருக்கும் என்றால், அந்தப் பழைய நியாயம் தாங்காது. எப்படியிருந்தாலும் நம் நீதிபதிகளை அத்தீர்ப்புகள் கட்டுப்படுத்தா; அவர்கள் நம் 14ஆம் பிரிவைத்தான் படிப்பார்கள்.

நேர்மையான குடும்பத்திற்கு என்ன இழப்பு என்று கேட்டீர்கள். நம் சட்டத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வீட்டைச் சோதிக்க வரும் காவலர் பலத்தைக் கையாளும் முன், காதில் விழும்படி உள்ளே வர அனுமதி கேட்டு, எதற்காக வந்தேன் என்று சொல்ல வேண்டும், தடயம் அழிந்துவிடும் என்ற நிலை இருந்தாலொழிய. 29ஆம் பிரிவு, எந்தச் சோதனையும் கண்ணியத்தோடும் ஒழுங்கோடும் நடக்க வேண்டும், பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும் என்கிறது. ட்ரோன் கதவைத் தட்டுவதில்லை. அதன் திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் ஆணா பெண்ணா, எத்தனை பேர் என்பது கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. வாரண்ட் இருந்திருந்தால், 2011இல் வான் டெர் மெர்வ வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் வகுத்தபடி, எந்தச் சட்டப் பிரிவு, எந்தக் குற்றம், யார் சோதிக்கிறார், எந்த இடம், எந்தப் பொருள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 21(4)ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் கேட்டால் அதன் நகலையும் தர வேண்டும். இந்தக் குடும்பம் இழந்தது அந்த ஒரு தாளை. தாள் இருந்திருந்தால், தவறு யாருடையது என்று இன்று எளிதாகக் காட்டியிருக்கலாம்.

ட்ரோனில் ஒலிவாங்கி பொருத்திப் பேச்சையும் பதிந்திருந்தால் அது வேறு சட்டத்திற்குள் போகும். தகவல் தொடர்பை இடைமறிப்பதை ஒழுங்குபடுத்தும் 2002ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டப்படி, பணி ஓய்வு பெற்ற ஒரு நியமன நீதிபதியின் உத்தரவு வேண்டும். அந்தச் சட்டமும் போதுமான காப்பு இல்லாதது என்று 2021 பிப்ரவரியில் அமாபுங்கானே வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் குறை கண்டது. கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னராவது தெரிவிக்க ஏற்பாடு வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியக் காரணம்.

சட்டத்தை மீறி எடுத்த சாட்சியம் தானாகவே தள்ளுபடி ஆகிவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதை ஏற்றால் விசாரணை நியாயமற்றதாகும், அல்லது நீதி நிர்வாகத்திற்குக் கேடு என்று காட்டினால், அரசியலமைப்பின் 35(5)ஆம் பிரிவின்படி நீதிபதி விலக்கியே ஆக வேண்டும். நம் மாநிலத்திலிருந்தே மேல்முறையீட்டுக்குப் போன பிள்ளை வழக்கில், முறைகேடாகத் தொலைபேசியை ஒட்டுக்கேட்டதால் தெரியவந்து, வீட்டின் கூரைக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட கொள்ளைப் பணத்தைப் பற்றிய சாட்சியத்தையே உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கியது. பணம் உண்மையிலேயே அங்கே இருந்தது, இருந்தும் விலக்கியது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. குடித்தனக்காரர் கம்பி வாங்கிய ரசீதைத் தேடி எடுத்துவிட்டார். அடுத்து எதை, யாரிடம், எந்தக் காலக்கெடுவுக்குள் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா.

பதில் 5: டர்பன் வழக்கறிஞர்

ரசீதின் அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், சான்றளித்த நகலைக் கொடுங்கள். திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படும் ஒன்றுக்குத் திருப்தியான விளக்கம் தர முடியாமல் வைத்திருப்பதே 1955ஆம் ஆண்டின் 62ஆம் எண் சட்டப்படி குற்றம் என்பதால், அந்த ரசீதுதான் குடித்தனக்காரருக்குக் கேடயம். வழக்குத் தொடரப் போவதில்லை என்றால், சட்டப்படி வைத்திருக்கக்கூடிய பொருளை யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. இதை எழுத்தில் நிலையப் பொறுப்பதிகாரியிடம் குடித்தனக்காரரே கேட்க வேண்டும்.

நீங்கள் தனியாக, 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, அந்த மூன்று இரவுகளின் பறத்தல் பதிவேட்டையும், உங்கள் வீடு தெரியும் காணொளியின் நகலையும், அதைப் பார்த்தவர்களின் விவரத்தையும் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. விசாரணை நடக்கிறது என்று காரணம் காட்டி மறுக்கலாம். மறுத்தாலும் அந்த மறுப்புக் கடிதமே, ட்ரோன் அவர்களுடையது என்பதற்குச் சான்றாகக்கூடும். இழப்பீடு கேட்கும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி ஆறு மாதத்திற்குள் அரசுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். நல்ல வழக்குகள் பல இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டதால் தடுமாறியதை நான் கண்டிருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றிரவே மாமனாரை உட்காரவைத்து, வாசலில் யார் என்ன சொன்னார்கள், அவர் என்ன பதில் சொன்னார், சாவியை எப்படிக் கேட்டார்கள் என்பதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதிக்கொள்ளுங்கள். சம்மதமா இல்லையா என்பது அந்த வார்த்தைகளைப் பொறுத்தது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எழுதிவிட்டேன், ஐயா. இரண்டு பக்கம் வந்தது. காலை ஆறே முக்காலுக்கு, மாடத்தில் விளக்கேற்றப் போகும் நேரத்தில் வந்தார்கள் என்று மாமனார் உறுதியாகச் சொல்கிறார். "நீங்கள் திறக்கிறீர்களா, நாங்கள் திறக்கட்டுமா" என்று கேட்டார்களாம். அதற்கு அவர் ஒரு பதிலும் சொல்லவில்லையாம், கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாராம். நாளை பிரமாணம் செய்து கையெழுத்திட அழைத்துப் போகிறேன்.